வயது 46, ஒரு தொந்தரவும் இல்லை. பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை தேவையா?

கேட்டவருக்கு வயது 46. அமெரிக்காவில் இருக்கும் அவருடைய அண்ணன் கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொண்டு, "நீயும் செய்துகொள்" என்று விடாமல் சொல்கிறாராம். ஒன்றுமே இல்லாதபோது எதற்கு என்பது கேள்வி.

ஒன்றுமே இல்லாதபோது செய்வதற்குத்தான் இந்தப் பரிசோதனையே இருக்கிறது. எங்கள் வீட்டில் இது தாமதமாகத்தான் புரிந்தது.

அப்பாவுக்கு 57 வயதில் மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. மூலம்தான் என்று அவரே முடிவுகட்டி, காரத்தைக் குறைத்தார். துத்திக்கீரையை வதக்கித் தரச் சொல்லிச் சாப்பிட்டார். அப்புறம் போய்ப் பார்த்த மருத்துவரும் விரல் விட்டுக்கூடப் பரிசோதிக்காமல் களிம்பு எழுதிக்கொடுத்தார். ஹீமோகுளோபின் 8.6 என்று வந்ததும் இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தது. ஒரு ஆண்பிள்ளைக்கு இவ்வளவு ரத்தம் எப்படிக் குறைந்தது என்று அந்த மருத்துவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு வருடம் கழித்து மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது நிணநீர்க் கணுக்களுக்கும் போயிருந்தது. கதிர்வீச்சு, கீமோ, அறுவைசிகிச்சை எல்லாம் நடந்தன. ஏழு மாதம் வயிற்றில் மலம் சேரும் பை. அது நிரம்பியதும் அம்மாவைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே மாற்றுவார். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். இன்று அவருக்கு 67 வயது, நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த ஏழு மாதம் தேவையே இல்லாதது என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய், குடலின் உட்சுவரில் முளைக்கும் பாலிப் என்ற சிறு சதையிலிருந்துதான் தொடங்குகிறது. எல்லாப் பாலிப்பும் புற்றாவதில்லை. ஆகிற ஒன்று அப்படி மாறுவதற்குப் பத்து வருடம்போல எடுத்துக்கொள்கிறது. அத்தனை வருடமும் வலிக்காது, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிய ரத்தமும் வராது. அதற்குள் பார்த்துவிட்டால் அதே இடத்தில் வெட்டி எடுத்துவிடலாம், புற்றுநோய் வருவதே தடுக்கப்படுகிறது.

அப்பாவுக்கு 60 வயதுக்கு முன்பே வந்ததால், பிள்ளைகள் 40 வயதிலேயே கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்று அறுவைசிகிச்சை மருத்துவர் சொன்னார். (பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ வந்த வயதில் பத்தைக் கழித்தால் 40-க்கும் குறைவாக வந்தால், அந்த வயதிலேயே தொடங்க வேண்டும்.) நானும் 40-ல் போனேன்.

கஷ்டமெல்லாம் முந்தின நாள்தான். கீரை, விதையுள்ள காய், பழம் எல்லாம் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கடைசி நாள் இளநீர், வடிகட்டிய ரசம் மாதிரி தெளிவான நீராகாரம் மட்டும். 2 லிட்டர் தண்ணீரில் கரைத்த பேதி மருந்தைப் பாதி மாலையிலும் மீதி விடியற்காலையிலும் குடிக்க வேண்டும். உப்பும் எலுமிச்சையும் கலந்த வழவழப்பான ருசி. குளிரவைத்துக் குடித்தால் இறங்குகிறது. கடைசியில் போவது வெறும் மஞ்சள் தண்ணீராக வர வேண்டும்; குடல் சுத்தமாக இல்லாவிட்டால் பாலிப் மறைந்துவிடும்.

மறுநாள் லேசான மயக்க ஊசி போட்டு, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். அரைத் தூக்கத்தில் திரையைப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக, ஈரமாக மின்னும் சுவரில் ஒரு மொட்டு. மெல்லிய கம்பிச் சுருக்கு ஒன்று வந்து அதன் கழுத்தில் விழுந்து இறுகியது. மொட்டு காணாமல் போயிற்று. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. 8 மில்லிமீட்டர், பயாப்ஸியில் அடினோமா, அதாவது புற்றாக மாறக்கூடிய வகை. எனக்கும் அன்று வரை எந்தத் தொந்தரவும் இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 50 வயதுக்குள் இருப்பவர்களுக்கும் இந்நோய் கூடிவருவதைப் பார்த்து, அமெரிக்காவின் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2021-ல் தொடக்க வயதை 50-லிருந்து 45 ஆக்கியது. உங்கள் அண்ணன் சொல்வது அந்தக் கணக்கு. மேலை நாடுகளை ஒப்பிட இந்தியாவில் இந்நோய் குறைவு. இங்கே அரசு எல்லோருக்கும் நடத்தும் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்கள் இருக்கின்றன, குடல் இல்லை. அதனால் உங்களை யாரும் கூப்பிடப் போவதில்லை, நீங்களாகத்தான் கேட்க வேண்டும்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றால், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் ஃபிட் பரிசோதனையில் தொடங்கலாம். பத்தியம், மயக்கமருந்து எதுவும் வேண்டாம். ஆனால் ஒரு தடவை செய்தால் நான்கில் மூன்று புற்றுநோயைத்தான் அது பிடிக்கும், சின்னப் பாலிப்களைப் பெரும்பாலும் தவறவிடும். அதனால் வருடாவருடம் செய்ய வேண்டும். பாசிட்டிவ் வந்தால் "மூலமாக இருக்கும், இன்னொரு தடவை செய்து பார்ப்போம்" என்று நாளைக் கடத்தாதீர்கள், கொலோனோஸ்கோபிக்கே போங்கள். குடலில் ஓட்டை விழுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. அது பத்தாயிரம் பேரில் சுமார் மூன்று பேருக்கு நேர்கிறது. ரத்தம் போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மலம் போகும் வழக்கம் மாறினாலோ ஃபிட்டே வேண்டாம், நேராக மருத்துவர்தான்.

அப்புறம், இன்று உங்கள் அண்ணனுக்கு ஒரு போன் போடுங்கள். அவருக்குப் பாலிப் எடுத்தார்களா, எடுத்திருந்தால் எத்தனை மில்லிமீட்டர், அறிக்கையில் என்ன வகை என்று கேளுங்கள். 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள அடினோமா என்றால், மேலே ஃபிட் பற்றிச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. எனக்குச் சொன்ன மாதிரி உங்களுக்கும் கொலோனோஸ்கோபிதான், அதற்கான வயதையும் நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.