ரோபோ அறுக்குமா, டாக்டர் அறுப்பாரா?

(வாசகர் கேள்விகளுக்குக் காரைக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற அறுவை சிகிச்சை மருத்துவர் பதில் எழுதுகிறார்)

கேள்வி: அப்பச்சிக்கு 66 வயது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய், ஆரம்ப நிலை என்கிறார்கள். மதுரையில் ஒரு டாக்டர் லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சின்னத் துளை போட்டு) செய்துவிடலாம் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், "சென்னைக்குக் கொண்டுபோய் ரோபோவில் செய்யுங்கள், பணம் நான் அனுப்புகிறேன்" என்று நிற்கிறார். ஆத்தாவோ மெஷினிடம் கொடுக்க மாட்டேன் என்று அழுகிறார். எது நல்லது?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆத்தாவிடம் முதலில் சொல்லுங்கள் ஆச்சி, ரோபோ தானாக ஒன்றையும் அறுக்காது. அதே தியேட்டரின் ஓரத்தில் டாக்டர் ஒரு பெட்டிக்குள் முகத்தைப் பதித்து உட்கார்ந்திருப்பார். அவர் விரல் அசைந்தால்தான் உள்ளே கருவி அசையும். தலையை வெளியே எடுத்தாலே அது அப்படியே நின்றுவிடும்.

இரண்டிலும் நாலைந்து துளை, கேமரா, வாயு ஏற்றி உப்பவைத்த வயிறு. வெட்டிய இரைப்பையை வெளியே எடுக்க இரண்டிலுமே ஒரு சின்னக் கீறல் போட்டாக வேண்டும். ரோபோவில் தழும்பே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வித்தியாசம் உள்ளே போன பிறகுதான். இந்த ஆபரேஷனில் உண்மையில் கையைக் கட்டிப்போடும் இடம் கணையத்தின் மேல்விளிம்பு. அங்கே ரத்தக் குழாய்களை ஒட்டிக் கிடக்கும் நெறிக்கட்டிகளை (நிணநீர் முடிச்சுகள், புற்றுநோய் பரவும் இடம்) சுத்தமாக வழித்தெடுக்க வேண்டும். லேப்ராஸ்கோப்பிக் கருவி நேரான கம்பி. அந்த மூலைக்குப் போகக் கணையத்தை அழுத்திப் பிடிக்க வேண்டிவரும். கணையமோ வெண்ணெய் மாதிரி. நசுங்கினால் அதன் நீர் கசிந்து நாள்கணக்கில் படுக்கையில் போட்டுவிடும். ரோபோ கருவியின் நுனி மணிக்கட்டு போல வளையும், கணையத்தை அதிகம் தொடாமல் வேலை முடிக்கலாம். ஆனால் திசுவின் இறுக்கம் கைக்குத் தெரிவது குறைவு. நேரமும் பெரும்பாலும் கூடுதல்.

2016-ல் வெளியான கொரிய ஆய்வில் சிக்கல்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்; ரோபோவில் நேரமும் செலவும் அதிகம். 2021-ல் வந்த ஜப்பானிய ஆய்வில், குறிப்பிடும்படியான சிக்கல் லேப்ராஸ்கோப்பியில் 19.7 சதவீதம், ரோபோவில் 8.8. ஆனால் அவர்கள் முக்கியமாகப் பார்க்கக் கிளம்பிய வயிற்றுக்குள் தொற்று விஷயத்தில் உறுதியான வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆக, அண்ணன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்காக லேப்ராஸ்கோப்பி மட்டம் என்றும் ஆகாது: ஆரம்ப நிலை நோயில் அதைச் செய்துகொண்டவர்களில் 94 சதவீதம் பேர் ஐந்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்ததாக இன்னொரு கொரிய ஆய்வு, வயிற்றைத் திறந்து செய்தவர்களுக்குச் சமமாக.

என்னைக் கேட்டால் மதுரை டாக்டரிடம் போய் உட்கார்ந்து, வருடத்துக்கு எத்தனை இரைப்பைப் புற்றுநோய் ஆபரேஷன் செய்கிறீர்கள், ஆபரேஷனுக்குப் பிறகு வரும் பயாப்சி ரிப்போர்ட்டில் வழக்கமாக எத்தனை நெறிக்கட்டி வருகிறது என்று கேளுங்கள். குறைந்தது 16 பார்த்தால்தான் நோய் எந்த நிலை என்று சரியாகச் சொல்ல முடியும். கூச்சப்படாதீர்கள், நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். அவர் இதையே தொடர்ந்து செய்கிறவர் என்றால் மதுரையே போதும். எப்போதாவது ஒன்று செய்கிறவர் என்றால் சென்னைக்குப் போங்கள். அங்கேயும் ரோபோ இருக்கிறதா என்பதைவிட, அதில் உட்காரும் டாக்டர் யார் என்று விசாரியுங்கள்.

சி.டி. ஸ்கேனில் நோய் ஆழமாகத் தெரிந்தால் முதலில் கீமோ கொடுப்பார்கள். அண்ணன் பணம் அப்போது உதவும். இன்சூரன்ஸ் இருந்தால் பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். ரோபோ ஆபரேஷனைச் சேர்க்கச் சொல்லி 2019-லேயே உத்தரவு வந்துவிட்டது. ஆனால் பல கம்பெனிகள் அதற்குத் தனி உச்சவரம்பு வைத்திருக்கின்றன.

கேள்வி: இரைப்பையில் பாதிக்குமேல் எடுத்தாகிவிட்டது. கும்மாயம் (உளுந்தும் கருப்பட்டியும் போட்ட இனிப்பு) சாப்பிட்ட அரை மணியில் வியர்த்து, நெஞ்சு படபடக்கிறது. இருதயக் கோளாறா?
– ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: பெரும்பாலும் இருதயம் இல்லை அண்ணே, கருப்பட்டி. இனிப்பு இப்போது தங்காமல் நேரே குடலில் போய்க் கொட்டுகிறது. ஆனாலும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். ஒரு நாள் சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரித்து, தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி தள்ளிக் குடியுங்கள். ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். கும்மாயம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், இடியாப்பம் கொஞ்சமாகச் சாப்பிடலாம்.