எலிக்குக் கேட்ட மருந்து எனக்கும் கேட்குமா?

கேள்வி: எனக்கு வயது 56. கிளாக்கோமா இருப்பதாகச் சொல்லி நான்கு வருடமாக இரவில் லட்டானோப்ராஸ்ட் சொட்டு மருந்து விடுகிறேன். வைட்டமின் பி3 கொடுத்த எலிகளுக்குக் கிளாக்கோமா வரவே இல்லை என்று ஒரு செய்தி படித்தேன். மாத்திரை வாங்கியும் வைத்துவிட்டேன். சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு இதைப் போடலாமா? எலிக் கண்ணும் நம் கண்ணும் ஒன்றுதானா?

பதில்: சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். ஒரு நாள் கூட. கிளாக்கோமா என்பது பெரும்பாலும் கண்ணுக்குள் பிரஷர் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்; அந்தப் பிரஷரைக் குறைப்பது இந்தச் சொட்டு மருந்துதான். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் படித்த செய்தி பொய் இல்லை. 2017இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் சைமன் ஜான் குழுவினர், சுண்டெலிகளுக்குப் பி3யின் ஒரு வகையான நிகோட்டினமைடைக் கொடுத்துப் பார்த்தார்கள், அதிக அளவு கொடுத்தபோது பத்தில் ஒன்பது கண்களுக்கு மேல் நரம்பு தப்பித்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் அவை வீட்டுப் பரணில் ஓடும் சுண்டெலிகள் இல்லை. டிபிஏ/2ஜே என்ற தனி வம்சம்; இரண்டு மரபணுக் கோளாறால் அவற்றின் ஐரிஸ், அதாவது கண்ணுக்கு நிறம் தரும் திரை, உதிர்ந்து அந்தத் தூள் கண்ணின் வடிகாலை அடைத்துவிடும், பிரஷர் ஏறி ஒரு வயதுக்குள் நோய் வந்துவிடும். உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் அந்த வகை இல்லை, வருடக்கணக்கில் மெதுவாக நகரும் வகை.

சரி, கண்ணுக்கு வருவோம். கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது, ஐரிஸும் அதன் முன்னால் கண்ணாடி போலிருக்கும் கருவிழியும் (கார்னியா) சேரும் மூலையில் உள்ள சல்லடை போன்ற திசு வழியாக ஷ்லெம் கால்வாய்க்குள் போய் ரத்தத்தில் கலக்கிறது. ஆடு, மாடு, பன்றிக்கு இந்தக் கால்வாய் ஒரே வளையமாக இருக்காது, சின்னச் சின்ன நாளங்கள் பின்னிய வலைதான். படிக்கும் காலத்தில் கசாப்புக் கடையில் ஆட்டுக் கண் வாங்கிவந்துதான் தையல் பழகினோம். தையலுக்கு அது போதும், வடிகாலைப் பற்றி அதில் படித்திருந்தால் தப்பாகத்தான் படித்திருப்போம். வேடிக்கை என்னவென்றால், நம் 24 மில்லிமீட்டர் கண்ணுக்கு முன்னால் வெறும் 3 மில்லிமீட்டர் இருக்கும் சுண்டெலிக் கண்ணில் நம்மைப் போலவே ஷ்லெம் கால்வாய் இருக்கிறது.

வித்தியாசம் பின்பக்கம். நம் கண்ணிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பு இழைகள், கொலாஜனால் ஆன ஓட்டைத் தட்டு ஒன்றின் வழியாக மூளைக்குக் கிளம்புகின்றன. பிரஷர் ஏறினால் அந்தத் தட்டு பின்னால் வளையும், ஓட்டைகள் கோணலாகும், நடுவில் போகும் இழைகள் நசுங்கும். இப்படித்தான் ரொம்ப நாள் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம். சுண்டெலிக்கு அந்தத் தட்டே கிடையாது, இருக்கும் ஐம்பதாயிரம் சொச்சம் இழைகளை நட்சத்திர வடிவச் செல்கள்தான் தாங்கிப் பிடிக்கின்றன. அப்படியும் அதே இடத்தில்தான் அதன் நரம்பு அடிபடுகிறது! ஆக, நசுங்குவது மட்டுமே கதை இல்லை என்று நமக்குக் காட்டியதே நம்மைப் போல இல்லாத இந்தக் கண்தான். அதனால் எலி ஆராய்ச்சியைக் கேலி செய்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

குரங்குக்கு அந்தத் தட்டும் உண்டு, கால்வாயும் உண்டு, விழித்திரை நடுவில் கூர்மையாகப் பார்க்கும் புள்ளியும் உண்டு. அதில் வேலை செய்தால் நமக்கும் செய்யும் என்று தோன்றும், இல்லையா? மெமன்டைன் என்ற மாத்திரை கிளாக்கோமா வரவழைத்த குரங்குகளின் நரம்பைக் காத்தது. அதை நம்பி 2,000க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு நான்கு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை.

எதிர்க்கதையும் உண்டு, அது உங்கள் கையிலேயே இருக்கிறது. லட்டானோப்ராஸ்டைப் பூனைக் கண்ணில் விட்டால் கண்பாப்பா சுருங்கும், பிரஷர் குறையாது. நாய்க்கு நன்றாகவே குறையும். பூனையை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் நீங்கள் தினமும் விடும் அந்தப் பாட்டிலே வந்திருக்காது. இந்த மருந்தால் ஐரிஸ் கறுக்கும் என்பதும் குரங்குகளில் தெரியவந்ததுதான். நம்மூர்க் கரும்பழுப்புக் கண்ணில் அது வெளியே தெரிவதில்லை, இமைமுடி நீள்வதும் கண்ணைச் சுற்றித் தோல் கறுப்பதும்தான் தெரியும்.

இப்போது மாத்திரை. பி3யின் முக்கிய வேலை பிரஷரைக் குறைப்பது இல்லை, நரம்புச் செல்லுக்குச் சக்தி கிடைக்கச் செய்வது. அதனால் சொட்டு மருந்துக்குப் பதிலாக அது என்ற பேச்சே வராது. 2020இல் வெளியான ஒரு சிறிய ஆஸ்திரேலிய ஆய்வில், சொட்டு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது விழித்திரையின் வேலை கொஞ்சம் தேறியது, ஆனால் அது மூன்று மாதக் கணக்கு, பார்வை இழப்பதை வருடக்கணக்கில் தடுக்குமா என்பதற்கான பதில் அதில் இல்லை. அதில் கொடுத்த அளவு நாளைக்கு 3 கிராம் வரை. நம் உடம்புக்குத் தினசரித் தேவையோ சுமார் 15 மில்லிகிராம்தான். அந்த அளவுக்குப் போனால் கல்லீரல் பாதிக்கப்படலாம். மது, பழைய மஞ்சள் காமாலை, வேறு மாத்திரைகள் என்று எது இருந்தாலும் உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே இதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வாங்கி வைத்த டப்பாவை ஒருமுறை பாருங்கள். நிகோட்டினமைடு என்று இல்லாமல் நியாசின் என்று போட்டிருந்தால், அது பி3யின் இன்னொரு வகை, ஆய்வில் கொடுத்த மருந்தே இல்லை. அதிக அளவில் போட்டால் முகம் சிவந்து எரியும், சிலருக்கு விழித்திரையின் நடுவில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.