வற்புறுத்தலும் இணங்கவைத்தலும்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கப் பழகிவருகிறேன். ஒரு நாவலின் மூன்று அத்தியாயங்களை முடித்துத் திரும்பப் படித்தபோது, மூலத்தில் அர்ஜ், பெர்சுவேட், கன்வின்ஸ், கோக்ஸ் என்று நான்கு வெவ்வேறு வினைகள் வந்த இடங்களிலெல்லாம் ‘வற்புறுத்தினான்’ என்றே எழுதியிருப்பதைக் கண்டேன். இந்த நுண்மை தமிழில் இல்லையா, எனக்குத்தான் தெரியவில்லையா? ஒருவரைக் கிளப்பிவிடுவதைக் குறிக்கும் ‘எக் ஆன்’ என்ற ஆங்கிலத் தொடருக்குள் முட்டை எப்படி வந்தது என்பதையும் சொன்னால் மகிழ்வேன்.

க.

அன்புள்ள க.,

இது சொல் பஞ்சத்தால் வந்த குறை அல்ல. இவ்வகை வினை ஒன்றைக் கண்டவுடன் அதற்கு நேரான தமிழ்ச் சொல்லைத் தேடுவதற்கு முன்னால், அந்த வினைக்குள் விளைவு அடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அர்ஜ் முயற்சியை மட்டும் சொல்கிறது. பெர்சுவேட் முயற்சியோடு அதன் வெற்றியையும் சேர்த்துச் சொல்கிறது. மருத்துவரிடம் போகும்படி நண்பனை அர்ஜ் செய்தேன், அவன் போகவில்லை என்று ஆங்கிலத்தில் தாராளமாக எழுதலாம். பெர்சுவேட் செய்தேன், போகவில்லை என்று எழுதினாலோ, ஒப்புக்கொண்டவன் பிறகு ஏன் மனம் மாறினான் என்று படிப்பவர் கேட்பார். மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இந்த இரண்டு வினைகளையும் அருகருகே வைத்தே, சொல்லும்போதே நிகழ்ந்துவிடும் செயலையும், சொன்னதன் பயனாகக் கேட்பவரிடம் விளையும் செயலையும் பிரித்துக் காட்டினார். ‘இதனால் உங்களை வலியுறுத்துகிறேன்’ என்று ஒருவர் சொன்ன கணத்திலேயே வலியுறுத்தல் நடந்து முடிந்துவிடுகிறது. ‘இதனால் உங்களை இணங்கவைக்கிறேன்’ என்று எவராலும் சொல்ல முடியாது, ஏனெனில் இணங்குவதும் இணங்காததும் எதிரில் இருப்பவர் கையில் இருக்கின்றன.

விளைவைச் சொல்லத் தமிழில் ‘வை’ என்ற துணைவினை இருக்கிறது. ‘கையெழுத்திடும்படி அவளை வற்புறுத்தினான்’ என்பதற்கும் ‘அவளைக் கையெழுத்திடவைத்தான்’ என்பதற்கும் உள்ள தொலைவு, அர்ஜுக்கும் பெர்சுவேடுக்கும் உள்ள தொலைவை விடக் குறைந்ததல்ல. என் முதல் மொழிபெயர்ப்பில் நானும் உங்களைப் போலத்தான் எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்த பெரியவர் ஓரத்தில் ‘போட்டாளா, இல்லையா?’ என்று மட்டும் பென்சிலால் குறித்திருந்தார். இன்னொரு பிழையும் அதில் இருந்தது என்பதை நான் பிறகுதான் உணர்ந்தேன். வற்புறுத்தல் என்ற சொல்லில் இன்று கட்டாயத்தின் நெடி ஏறிவிட்டது; ஆகவே இனிமையாகப் பேசிச் சம்மதம் பெற்ற ஒருவனை நான் நெருக்கடி கொடுத்தவனாக ஆக்கியிருந்தேன். பெர்சுவேடின் லத்தீன் வேரோ, ‘இனிய’ என்று பொருள்படும் சொல்லுக்கு உறவானது.

‘வை’ மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அடித்தும் ஒருவரைச் செய்யவைக்கலாம். ஆங்கிலம் செய்த விதத்தை வினைக்குள்ளேயே பொதிந்து வைக்கிறது. தமிழ் விதத்தை வினையெச்சத்திலும் விளைவை முற்றுவினையிலுமாகப் பிரித்துத் தருகிறது. எனவே கோக்ஸ் என்பதை ‘நயமாகப் பேசிச் சம்மதிக்கவைத்தாள்’ என்று எழுதினால், ஒரு சொல் மூன்றாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. (அந்தச் சொல் ஒரு காலத்தில் ஒருவரை ஏமாளியாக்குவதைக் குறித்தது, இப்போது அந்தக் கசப்பு தேய்ந்துவிட்டது.) நாள்கணக்கில் விடாமல் பேசி ஒருவரை வழிக்குக் கொண்டுவருவது என்றால் ‘பேசிப் பேசிக் கரைத்தான்’ என்பதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை, கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பது நம்முடைய பழமொழிதானே.

கன்வின்ஸ் சற்றுத் தந்திரமானது. அதன் லத்தீன் வேர் வெல்லுதலைக் குறிப்பது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் அது குற்றத்தை மெய்ப்பித்தல் என்ற பொருளில் வருகிறது. பின்னர் அது கருத்தை ஏற்கச் செய்வதற்கும், பெர்சுவேட் செயலில் இறங்கச் செய்வதற்கும் உரியன என்று இலக்கணம் பார்ப்பவர்கள் எல்லை வகுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் அந்த எல்லை பேச்சிலும் எழுத்திலும் பெரிதும் அழிந்துவிட்டது. நான் அதற்காக வருந்துவதில்லை. எனவே உங்கள் நாவலில் அச்சொல் வரும் இடத்தில் மாறியது எண்ணமா, செயலா என்பதைச் சூழலைக் கொண்டே முடிவு செய்யுங்கள். எண்ணம்தான் என்றால் ‘நம்பவைத்தான்’ என்று எழுதத் தோன்றும். அங்கே எச்சரிக்கை தேவை. நம்பவைத்துக் கழுத்தறுப்பது நம் வழக்கில் ஊறிப்போன தொடராதலால், அந்தச் சொல்லைக் கண்டதும் வாசகர் வஞ்சகத்தை எதிர்பார்ப்பார். ‘ஏற்கச் செய்தான்’, ‘ஐயத்தைத் தீர்த்தான்’ போன்றவற்றில் அந்த நிழல் இல்லை.

நேர்மாறான சிக்கலும் உண்டு. நம் ‘தூண்டு’ என்ற வினை ஆர்வத்தையும் தூண்டும், கலவரத்தையும் தூண்டும், விளக்குத் திரியையும் தூண்டும். ஆங்கிலம் நல்லதற்கு என்கரேஜ் என்றும் தீயதற்கு இன்சைட், இன்ஸ்டிகேட் என்றும் பிரித்து வைத்திருக்கிறது. ஆகவே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவருக்கே இங்கு வேலை அதிகம்.

‘எக் ஆன்’ என்பதில் முட்டை இல்லை. அது ஸ்காண்டிநேவியாவில் முற்காலத்தில் பேசப்பட்ட பழைய நோர்ஸ் மொழியில் கூர்மையாக்குதல், கிளப்பிவிடுதல் என்று பொருள்பட்ட ஒரு வினையிலிருந்து வந்தது. கத்தியின் விளிம்பைக் குறிக்கும் எட்ஜ் அதற்கு உறவு. மாட்டை ஓட்டும் தாற்றுக்கோலைக் குறித்த கோட் என்ற சொல்லும் இப்படித்தான் ஆளைக் குத்திக் கிளப்பும் வினையானது. தமிழிலும் கொம்பு சீவிவிடுதல் என்கிறோம். இரு மொழிகளும் தனித்தனியே கூர்தீட்டுவதில் வந்து நின்றது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. ஆனால் கொம்பு சீவிவிடுவதற்கு எதிரே மோதுவதற்கு இன்னொருவர் வேண்டும். உங்கள் அத்தியாயத்தில் சண்டை மூட்டுகிறார்கள் என்றால் அதையே எழுதுங்கள். சிறுவர்கள் ஒருவனைச் சுவரிலிருந்து குதிக்கச் சொல்லிக் கூச்சலிடுகிறார்கள் என்றால் ‘உசுப்பேற்றினார்கள்’ என்பதே சரியாக இருக்கும். அவன் குதித்தானா என்பதை அடுத்த வாக்கியம் சொல்லட்டும்.