அவரா, அவங்களா? இருமைக்குள் அடங்காதவரைத் தமிழில் குறிப்பது பற்றிய கேள்வி பதில்

ஆண், பெண் என்ற இரண்டில் எதிலும் முழுசாகப் பொருந்தாதவர்களைத் தமிழில் எப்படிக் குறிப்பது, எப்படிக் கூப்பிடுவது என்று பலர் கேட்ட கேள்விகளும், இலக்கணத்திலும் மெய்ப்புத் திருத்துவதிலும் பழகிய ஒருவர் சொன்ன பதில்களும்.

கேள்வி: எனக்கு 20 வயது. நான் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை என்றுதான் உணர்கிறேன். ஆங்கிலத்தில் பேசும் நண்பர்களிடம் ‘தே’ (they) என்று சொன்னால் முடிந்தது. தமிழில் என்ன சொல்லச் சொல்வது? புதுசாக ஏதாவது சொல் இருக்கிறதா?

புதுச் சொல் தேவையில்லை என்பது என் கருத்து. எழுத்தில் ‘அவர்’ இருக்கிறது, பேச்சில் ‘அவங்க’ இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள், சிக்கலே அங்கேதான்.

எழுத்தில் ‘அவர் வந்தார்’ என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாது. அதையே வாயால் ‘அவரு வந்தாரு’ என்று சொன்னால் கேட்பவர் மனசில் ஓர் ஆண் வந்து நிற்பார். ‘டாக்டர் வந்தாரு’, ‘டாக்டர் வந்தாங்க’ இரண்டையும் வீட்டில் சொல்லிப் பாருங்கள், யார் வந்ததாக நினைத்தார்கள் என்று கேளுங்கள். அதனால் நண்பர்களிடம் ‘என்னை அவர்னு சொல்லு’ என்று மட்டும் சொன்னால், பேச்சில் அது ‘அவரு’ ஆகி நீங்கள் மறுபடி ஆண் பக்கமே போய் நிற்பீர்கள். ‘எழுதும்போது அவர், பேசும்போது அவங்க’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

‘அவங்க’வும் ஊருக்கு ஊர் மாறும். தென்மாவட்டங்களில் பல வீடுகளில் ‘அப்பா வந்தாங்க’ என்றுதான் பேச்சு, அங்கே அது எந்தப் பக்கமும் சாயாது. சென்னைப் பக்கம் ஒரே ஒருவரைச் சொல்லும்போது கொஞ்சம் பெண் பக்கம் சாயும். அது உறுத்தினால் வாக்கியத்துக்கு வாக்கியம் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

உங்கள் வாயிலிருந்து வருவதில் கவலையே இல்லை. ‘நான் வந்தேன்’, ‘நான் போகிறேன்’ எதிலும் பால் கிடையாது. இந்தி பேசுபவர் ‘நான் போகிறேன்’ என்று சொல்வதற்கே ஆணா பெண்ணா என்று காட்டியாக வேண்டும். நமக்கு முன்னிலையிலும் அந்தத் தொல்லை இல்லை: நீ, நீங்க, வந்தாய், வந்தீங்க. படர்க்கையில் மட்டும்தான் பார்த்துப் பேச வேண்டும்.

கேள்வி: என் 19 வயசுப் பிள்ளை ‘என்னை அவன்னு சொல்லாதம்மா’ என்கிறது. பெற்ற பிள்ளையைப் போய் ‘அவங்க, இவங்க’ன்னு சொன்னால் ஊரே சிரிக்காதா? அதற்கும் எனக்கும் நடுவில் மரியாதை வந்து நின்றமாதிரி இருக்கிறது.

நீங்கள் சொல்வது நியாயம்தான் அம்மா. ‘அவங்க’ என்பதில் மரியாதையும் தூரமும் சேர்ந்தே வரும். ஆனால் உங்கள் கேள்வியையே ஒருமுறை படித்துப் பாருங்கள். ‘என் பிள்ளை என்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள், அவன் அவள் எதுவும் வரவில்லை. வீட்டுத் தமிழில் ‘பிள்ளை படிக்குது’, ‘எங்க பெரிசு இன்னும் வரல’, ‘சின்னது தூங்குது’ எல்லாம் பாசத்தோடு சொல்வதுதான்.

ஒரு எச்சரிக்கை. இதே ‘அது’வைத்தான் தெருவில் திருநங்கைகளைப் பார்த்து இளக்காரமாகச் சொல்கிறார்கள். அம்மா வாயில் பாசமாக வருவது அண்டை வீட்டுக்காரர் வாயில் வசையாகிவிடும். அதனால் ‘பெரிசு, பிள்ளை, வருது, போகுது’ இதெல்லாம் உனக்குச் சரியா என்று பிள்ளையிடமே கேட்டுவிடுங்கள். சரியில்லை என்றால் பெயர் இருக்கிறது. வினை முடியும் இடத்தில் திணறினால் ‘-ஆச்சு’ கைகொடுக்கும்: ‘கதிர் வந்தாச்சா?’, ‘சாப்பிட்டாச்சா?’ இதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, தூரமும் இல்லை.

நேருக்கு நேர் பேசும்போது மாற்ற வேண்டியது ‘டா’ ஒன்றுதான். ‘வாடா’வுக்கு பதில் ‘வா கண்ணு’, ‘வா தங்கம்’, ‘வா சாமி’. சில பிள்ளைகளுக்கு ‘டா’ உறுத்துவதே இல்லை, பெண் பிள்ளைகளையும் ‘டா’ போட்டுக் கொஞ்சுகிறோமே. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம். இருதிணை ஐம்பால் என்று தெளிவாக இருக்கும் தமிழில் ஏன் இதைத் திணிக்கிறீர்கள்?

ஐம்பால் என்று எண்ணிச் சொன்ன அதே இலக்கணம்தான் இதையும் பேசுகிறது. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் உயர்திணை, அஃறிணை என்று பிரித்து, ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று வகுத்த உடனே, நான்காவது நூற்பாவில் ‘ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி’, அதாவது ஆண்தன்மையிலிருந்து மாறியவரைக் குறிக்கும் பெயர், வருகிறது. அதற்கென்று தனி ஈறு கிடையாது, உயர்திணை ஈறுகளையே கொள்ளும் என்கிறது அந்த நூற்பா. 12ஆவது நூற்பா இன்னும் ஒரு படி போய், ஆண்மை திரிந்த பெயர் ஆண்பால் ஈற்றோடு வராது என்கிறது. அப்படிப்பட்டவரைக் குறித்த பழைய சொல் ‘பேடி’. அதாவது ‘பேடி வந்தான்’ என்பது பிழை.

நன்னூல் 264ஆம் நூற்பா இதை வேறுவிதமாகச் சொல்கிறது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புபவர் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புபவர் பெண்பால். உடம்பைப் பார்த்துச் சொல்லவில்லை, எதை விட்டு எதை நாடுகிறார் என்று பார்த்துச் சொல்கிறது.

அதற்காக ‘எங்கள் முன்னோர் அன்றே உரிமை கொடுத்தார்கள்’ என்று மார்தட்டவும் வேண்டாம். ‘திரிந்த’ என்ற சொல்லே ஆணை அளவுகோலாக வைத்துப் பேசுவது. அதே 264இல் இவர்கள் அஃறிணை போலவும் ஆவர் என்று ஒரு வால் ஒட்டியிருக்கிறது. ‘பேடி’யும் இன்று கோழை என்று திட்டுவதற்குத்தான் பயன்படுகிறது, யாரையும் அப்படிக் குறிக்காதீர்கள். நான் சொல்ல வருவது இவ்வளவே: இரண்டில் அடங்காத மனிதர்களை எந்த ஈற்றால் சொல்வது என்ற கேள்வி தமிழ் இலக்கணத்துக்குப் புதிது இல்லை.

எனக்கு இதைவிடப் பயனுள்ளதாகத் தெரிவது ‘ஒருவர்’. ஒருவன் ஆண், ஒருத்தி பெண், ‘ஒருவர்’ இருபாலுக்கும் பொது என்று தொல்காப்பியமும் சொல்கிறது, நன்னூலும் சொல்கிறது. பொருள் ஒருமை, ஆனால் பன்மை வினை கொள்ளும், ‘ஒருவர் வந்தார்’. ஒரே ஆளுக்குப் பன்மை வினையா என்று ‘அவர்’ஐக் கிண்டல் செய்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

கேள்வி: மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஆங்கிலக் கட்டுரையில் ஒருவரைக் கடைசிவரை ‘தே’ என்றே எழுதியிருக்கிறார்கள். ‘அவர்கள்’ என்று போட்டேன், ஆசிரியர் குழு திருப்பி அனுப்பிவிட்டது. ஏன்?

திருப்பியது சரி. ஒரு துண்டை எடுத்துப் பார்ப்போம்.

‘கதிர் மேடைக்கு வந்தார்கள். தம்பிகளைப் பார்த்ததும் அவர்கள் அழுதார்கள். அவர்கள் கையசைத்தார்கள்.’

அழுதது யார்? கையசைத்தது யார்? இரண்டாவது வாக்கியத்திலேயே தம்பிகள் அழுதுவிட்டார்கள். முதல் வாக்கியமோ அரசியல் மேடையில் ‘தலைவர் அவர்கள் வந்தார்கள்’ என்பதுபோல இருக்கிறது. இப்போது இப்படி:

‘கதிர் மேடைக்கு வந்தார். தம்பிகளைப் பார்த்ததும் அழுதார். அவர்கள் கையசைத்தார்கள்.’

‘தே’ ஒருமையாக வந்தால் ‘அவர்’, உண்மையிலேயே பலர் என்றால் ‘அவர்கள்’. எழுத்துத் தமிழில் இந்தப் பிரிவு இருப்பதால், ஆங்கிலத்தில் வரும் குழப்பம் நமக்கு வரவே தேவையில்லை. வசனமாகப் பேசும் பகுதி என்றால் மட்டும் ‘அவங்க’.

இன்னொரு வழி வினையை எச்சமாக்குவது. வந்து, பார்த்த, அழுத, பேசும் இவை எதற்கும் பால் இல்லை. ‘அழுதவன்’ என்று முடிக்காமல் ‘அழுத கதிரை’ என்று பெயரோடு சேர்த்தால் போதும். ‘தான், தன், தனக்கு’ என்பவையும் பால் காட்டாது. வேலைப் பெயர்களில் மாணவன், மாணவி இரண்டையும் விட்டு மாணவர், நடிகர், பாடகர் என்று ‘அர்’ போடுங்கள். ஆனால் இகரத்தில் முடிவதெல்லாம் பெண்பால் என்று நினைத்து பயணி, போராளி, நோயாளி, விவசாயி ஆகியவற்றை மாற்றிவிடாதீர்கள், அவை ஏற்கெனவே பொதுச்சொற்கள். ‘பயணியர்’ என்று ஒருமைக்குப் போட்டிருப்பதைப் பார்த்தால் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

சிறுவயதினரைப் பற்றி என்றால் ‘அவர்’ ஒட்டாது. 12 வயதுப் பிள்ளையைச் சிறுவன், சிறுமி என்று எழுதாமல் பெயர், ‘குழந்தை’, ‘ஆறாம் வகுப்பு மாணவர்’ என்று சுழற்றி எழுதுங்கள்.

கேள்வி: திருநங்கை, திருநம்பி என்ற நல்ல சொற்கள் இருக்கும்போது தனியாக ஏன் வேறு பெயர்?

திருநங்கை என்பவர் பெண், திருநம்பி என்பவர் ஆண். இரண்டுக்கும் வெளியே இருப்பவரை இதில் எதற்குள் போட்டாலும் தப்பு. மறுபக்கமும் உண்டு: ‘அக்கா’ என்று கூப்பிடச் சொல்லும் திருநங்கையை, பொதுவாக இருக்கட்டும் என்று ‘தோழர்’ ஆக்கினால் அவர் போராடிப் பெற்றதைப் பிடுங்குகிறீர்கள். இரண்டு வகையையும் சேர்த்துச் சொல்ல ‘திருநர்’ என்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை ஒட்டித் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் ஒரு சொற்பட்டியல் வெளியிட்டது, பால்புதுமையர் (ஆங்கிலத்தில் ‘குயர்’), ஊடுபால் (‘இன்டர்செக்ஸ்’, ஆண் பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடலமைப்போடு பிறந்தவர்) போன்றவை அதில் உள்ளவை. இருமைக்கு வெளியே இருப்பவர்களை ‘இருமை சாராதவர்’ என்பது கேட்டதும் புரிகிறது. எந்தப் பாலும் இல்லை என்பவர்கள் ‘பாலிலி’ என்கிறார்கள். ‘மூன்றாம் பாலினம்’ பலருக்குப் பிடிப்பதில்லை, முதலாவது யார், இரண்டாவது யார் என்ற கேள்வி அதில் ஒட்டிக்கொண்டே வரும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் விண்ணப்பப் படிவத்தைத் தமிழாக்குகிறோம். ‘பால்: ஆண் / பெண் / மற்றவை’ என்று வைத்திருக்கிறோம். சரிதானே?

‘மற்றவை’ அஃறிணைப் பன்மை. மேசை, நாற்காலி, மற்றவை. ஆண், பெண் இரண்டும் உயர்திணையில் நிற்க, மூன்றாவது ஆளை அஃறிணையில் தள்ளியிருக்கிறீர்கள். பல படிவங்களில் இப்படித்தான் இருக்கிறது, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, ஆங்கிலச் சொல்லை அப்படியே மாற்றியதில் வந்த வினை.

முதலில் இந்தக் கேள்வி தேவையா என்று பாருங்கள். மதியச் சாப்பாட்டுப் பதிவுக்கு எதற்கு? விடுதி அறைக்காக என்றால் ‘எந்த விடுதியில் தங்க விருப்பம்’ என்றே கேட்கலாம். சட்டத்துக்குத் தேவை என்றால் ‘அடையாள ஆவணத்தில் உள்ளபடி’ என்று தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். மற்றபடி தலைப்பு ‘பாலினம்’ என்றிருக்கட்டும். ‘பால்’ பிறப்பில் உடலை வைத்துக் குறித்தது, ‘பாலினம்’ தன்னை யாராக உணர்கிறார் என்பது, ‘பாலீர்ப்பு’ யார் மேல் நாட்டம் என்பது. மூன்றையும் குழப்பிய படிவங்கள் நிறைய. விருப்பங்களில் பெண், ஆண், இருமை சாராதவர், ‘வேறு, எழுதவும்’ என்று ஒரு கோடு, ‘சொல்ல விருப்பமில்லை’ என்று வையுங்கள். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்று வைத்து, பெண்ணுக்குப் பக்கத்தில் திருநங்கை என்று தனிக் கட்டம் போட்டால், ‘நீ பெண் இல்லை’ என்று படிவமே சொல்வதாகிவிடும்.

கணினிப் படிவம் என்றால் பின்னால் ஓடும் கடிதத்தையும் சோதியுங்கள். மூன்றாவது விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு, வேறு வழி இல்லாமல் ‘அன்புள்ள திரு.’ என்று கடிதம் போவது வழக்கமான ஓட்டை. ‘வணக்கம் கதிர்’ என்று பெயரோடு ஆரம்பித்தால் அடைபட்டுவிடும். அடைமொழி வேண்டும் என்று மேலிடம் அடம்பிடித்தால் ‘திருமிகு’ எல்லாருக்கும் பொருந்தும்.

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணம். எங்கட பேச்சில ‘அவங்க’ எண்டு சொன்னா இந்தியத் தமிழ் மாதிரி இருக்கும். என்ன செய்யிறது?

உங்கள் பேச்சில் ‘அவர் வாறார்’ ஆண், ‘அவ வாறா’ பெண் என்று மரியாதையிலேயே பிரிந்துவிடும். ‘அவை வருகினம்’ பலர். ஒருவருக்கு ‘அவை’ சொன்னால் கூட்டமே வருவதாகப் படும். பெயரும் ‘ஆள்’உம்தான் உங்களுக்குச் சுலபம். ‘ஆள் எங்க?’, ‘ஆள் வந்தாச்சோ?’ என்பதில் யாருக்கும் உறுத்தாது. பிள்ளையைச் சொல்ல ‘பிள்ளை’ இருக்கவே இருக்கிறது.

கேள்வி: தங்கை கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் என்ன போடுவது? ‘செல்வன்’ என்று அச்சடித்தால் நான் மண்டபத்துக்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உங்களுக்கு மட்டும் அடைமொழியை எடுத்தால் அதுவே கண்ணில் குத்தும். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதன் கீழ் வரும் பட்டியலில் எல்லாருக்கும் எடுத்துவிடச் சொல்லுங்கள், வெறும் பெயர்கள், தலைப்பெழுத்தோடு. அண்ணன், அக்கா என்று உறவு போட்டே ஆக வேண்டும் என்றால் ‘உடன்பிறந்தோர்’ என்ற ஒரே தலைப்பில் எல்லாரும் அடங்குவார்கள். அச்சகத்தில் பழைய மாதிரியை எடுத்து அடித்துவிடுவார்கள், அதனால் மெய்ப்பைத் திருத்திக் கொடுக்கும் நாளில் நீங்களே போய் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.