சட்டம் போட்டால் ஆண், பெண் சமத்துவம் வந்துவிடுமா?

சட்டம் மனசை மாற்றாது. ஆனால் யாரிடமும் கேட்காமலே ஒருவருக்கு என்ன கிடைக்கும் என்பதை மாற்றும். சொத்துரிமையைப் பாருங்கள்.

இந்துக் கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே பங்கு இருந்தது, மகளுக்கு இல்லை. ஊர்ப் பொதுக்கிணற்றில் அண்ணன் தம்பிக்கு முறைத் தண்ணீர், அக்கா தங்கைக்கு யாராவது இறைத்து ஊற்றினால் உண்டு என்பது மாதிரி. தமிழ்நாடு 1989-இல் மகளுக்கும் முறை கொடுத்தது, ஆனால் அதற்குள் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. (பெரிய ஓட்டைதான்.) 2005-இல் மத்திய அரசின் திருத்தம் அந்த நிபந்தனையை நீக்கியது. மகளுக்குப் பங்கு கிடைக்க அப்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பலன் பத்திரப் பதிவில் தெரியும். பூர்வீக நிலத்தை விற்கப் போனால் வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்பது வாரிசுச் சான்றிதழ். அதில் மகள் பெயர் இருந்தால் அவர் கையெழுத்தும் வேண்டும். “தங்கச்சி, விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்து” என்று, பங்கை விட்டுக்கொடுக்கும் அந்தப் பத்திரத்தோடு அண்ணன் வீடு தேடி வருகிறார். பல பெண்கள் உறவு முறியுமே என்று போட்டுக்கொடுத்து விடுகிறார்கள், உண்மைதான். ஆனாலும் முன்பு தங்கைதான் கேட்க வேண்டும். இப்போது தங்கையிடம் கேட்க வேண்டும். பேரம் பேசும் பலம் அங்கேதான் பிறக்கிறது.

“நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு, இனிப் பங்கு கிடையாது” என்பது தவறு: சீரும் நகையும் பூர்வீகச் சொத்தில் மகளுக்குள்ள பங்கை அழிக்காது.