பனி கொட்டினால்கூட சைக்கிள் பந்தயத்தை நிறுத்த மாட்டார்களா?

இப்போது நிறுத்துகிறார்கள். கடும் வானிலைக்கென்று சைக்கிள் பந்தயங்களின் உலக அமைப்பான யுசிஐ தனி விதிமுறை கொண்டுவந்ததே 2016-இல்தான். அதற்கு முன்னால் எல்லாம் நடத்துபவர்கள் இஷ்டம்.

ஒரு விஷயம் வெளியிலிருந்து பார்க்கும்போது பிடிபடாது. குளிரில் ஆளைச் சாய்ப்பது ஏற்றம் இல்லை, இறக்கம்தான். ஏறும்போது உடம்பு தானே சூடாகிவிடும், வியர்த்துக்கூடக் கொட்டும். உச்சியைத் தாண்டியதும் மிதிக்க வேலை இல்லை. நனைந்த உடையோடு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று. விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது.

1988 ஜூன் 5, இத்தாலியில் மூன்று வாரம் நடக்கும் ஜிரோ டி இத்தாலியா பந்தயத்தின் காவியா கணவாய்க் கட்டம் (ஒரு நாள் ஓட்டம்) இதற்கு நல்ல உதாரணம். கணவாயின் உயரம் 2,621 மீட்டர், பாதையில் பாதி மண்சாலை. அன்று கீழே மழை, மேலே பனிப்புயல். நெதர்லாந்தின் யோஹான் வான் டெர் வெல்டே அரைக்கை ஜெர்சியோடு முதல் ஆளாக உச்சியைத் தொட்டார். இறங்க ஆரம்பித்ததும் நடுக்கம் தாங்காமல் வண்டியை நிறுத்திவிட்டார். கடைசியில் கட்டம் முடியும் பொர்மியோ ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார்.

அமெரிக்கரான ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் அணிக்காரர்கள் காலையிலேயே பனிச்சறுக்குக் கடைகளில் புகுந்து கையுறை, குல்லா என்று கிடைத்ததை எல்லாம் வாங்கி வைத்திருந்தார்கள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் கம்பளிக் குல்லாவை மாட்டப் போனவர், தலை ஈரமாக இருக்கிறதே என்று முடியைத் துடைத்தார். தண்ணீருக்குப் பதில் ஒரு பனி உருண்டை முதுகில் உருண்டு விழுந்தது. அன்றைய கட்டத்தில் நெதர்லாந்தின் எரிக் பிரூகிங்கிடம் 7 வினாடியில் தோற்றாலும், மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவர் போடும் பிங்க் ஜெர்சி ஹாம்ப்ஸ்டனுக்கு வந்தது, அப்புறம் ஜிரோவும். கால் பலம் நிறையப் பேருக்கு இருந்தது. என்னைக் கேட்டால் அந்த ஜிரோவில் பாதியை ஜெயித்துக் கொடுத்தது அந்தக் காலைநேர ஷாப்பிங்தான்.

'அந்தக் கால வீரர்கள் மாதிரி வருமா?' என்பவர்கள் உடனே பெல்ஜியத்தின் ஒருநாள் பந்தயமான லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் 1980-இல் நடந்ததைத்தான் இழுப்பார்கள். கிளம்பிய 174 பேரில் 21 பேர்தான் முடித்தார்கள். பிரான்ஸின் பெர்னார் ஹினோ 9 நிமிடத்துக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்தார். சரி, பெரிய சாதனைதான். ஆனால் அன்று உறைந்த இரண்டு விரல்கள் அவருக்குக் கடைசிவரை முழுசாகச் சரியாகவில்லை. ஒரு கோப்பைக்கு இது அதிக விலை என்பது என் கட்சி.

இப்போதைய விதிப்படி நடத்துபவர்கள், அணிகள், வீரர்களின் பிரதிநிதி, டாக்டர் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள். ரத்து ஒன்றுதான் வழி என்றில்லை, பாதையையும் மாற்றலாம். 2016-இல் பிரான்ஸின் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் ஒரு கட்டத்தைப் பனியால் பாதியிலேயே கைவிட்டார்கள். 2021 ஜிரோவில் கோர்தினா கட்டத்திலிருந்து ஃபெதாயா, போர்தோய் கணவாய்கள் இரண்டையும் வெட்டிவிட்டு, உயரமான கணவாய்களில் ஜியாவுவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கொலம்பியாவின் ஏகன் பெர்னால் தனியாக வந்து, முடிவுக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மழைக்கோட்டைக் கழற்றி பிங்க் ஜெர்சியைக் காட்டியபடி ஜெயித்தார். அதையாவது பார்த்தோம். ஜியாவு ஏற்றத்தில் அவர் எல்லோரையும் உதறிவிட்டுப் போனதை டிவியில் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை. அந்த வானிலையில் நேரடிப் படமே சரியாக வரவில்லை.