முட்டைய விடுங்க, முதல்ல அந்த மாடிப்படி விஷயத்துக்கு வருவோம்

மஞ்சக்கரு சாப்பிடலாமா, எந்த எண்ணெய் நல்லது, வெறும் வயித்துல பூண்டு சாப்பிட்டா அடைப்பு கரையுமான்னு வரிசையா கேட்டுட்டு, கடைசில போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க: "படி ஏறினா நெஞ்சு நடுவுல ஒரு இறுக்கம் வருது, கேஸ்தான், சிரப் குடிச்சா அஞ்சு நிமிஷத்துல போயிடுது, முன்னாடி ரெண்டாவது மாடில வந்தது இப்போ முதல் மாடிலயே வருது." சார், உங்க லெட்டர்ல விஷயம்னு இருக்கறதே இந்த ஒரு வரிதான். ஸ்டென்ட் (அடைச்ச ரத்தக்குழாய விரிச்சு வெக்கற சின்ன வலைக்குழாய்) வெச்சு ஒரு வருஷம் கூட ஆகலைன்னு வேற சொல்றீங்க.

கேஸுக்கு நீங்க படி ஏறறீங்களா சோபால உக்காந்திருக்கீங்களான்னு தெரியாது. ஏறும்போது வந்து நின்னா போற வலி பெரும்பாலும் இதயத்தோட வலிதான், ஆஞ்சைனான்னு சொல்லுவோம். ரத்தக்குழாய் சுருங்கியிருந்தாலும் சும்மா இருக்கும்போது வர்ற ரத்தம் போதும், படி ஏறினா இதயத் தசைக்கு கூடுதலா வேணும், அந்தக் குழாயால தர முடியாது, அதான் இறுக்குது. நீங்க சிரப் பாட்டில தேடி எடுத்து மூடிய திறந்து குடிச்சு உக்கார்றதுக்குள்ள அஞ்சு நிமிஷம் ஆகிடுது இல்லயா, வலி போனது அந்த ஓய்வால, பேர் வாங்கினது சிரப்பு.

ரெண்டாவது மாடில வந்தது முதல் மாடிக்கு இறங்கி வந்திருக்கு பாருங்க, அதுதான் எனக்கு பிடிக்கல. கம்மியான வேலைக்கே வலி வருதுன்னா நிலைமை மாறிட்டு இருக்குன்னு அர்த்தம். அதனால அடுத்த செக்கப் தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க, இத படிச்ச இன்னிக்கே ஸ்டென்ட் வெச்ச டாக்டர்கிட்டயோ, அவர் கிடைக்கலைன்னா இதய நோய் பார்க்கிற எமர்ஜென்சிக்கோ போங்க. போன மாசம் எடுத்த இசிஜி நார்மல்னு எழுதியிருக்கீங்க, படுத்துக்கிட்டு வலி இல்லாதப்போ எடுத்தா பல பேருக்கு நார்மலாத்தான் இருக்கும், அத வெச்சு தைரியமா இருக்க முடியாது. சும்மா இருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, ஓய்வு எடுத்தும் சில நிமிஷத்துல குறையலைன்னாலோ, வேர்த்துக் கொட்டினாலோ, தாடைக்கோ கைக்கோ பரவினாலோ உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க, நீங்களே வண்டி ஓட்டிட்டு போகாதீங்க. உங்களுக்கு சுகர் வேற இருக்கு, சுகர் இருக்கறவங்களுக்கு அட்டாக்லயே வலி மங்கலாத்தான் தெரியலாம், வெறும் மூச்சு வாங்கறதோட நின்னுடலாம்.

அதுவரைக்கும் நடந்தா சரியாகிடும்னு வேக நடை எல்லாம் வேண்டாம். டாக்டர் பார்த்து ஓகே சொன்ன பிறகு வாரத்துக்கு 150 நிமிஷம் நடங்க, தாராளமா.

இப்போ நீங்க பார்த்ததா எழுதின அந்த வீடியோ. கொலஸ்ட்ரால் மாத்திரை கல்லீரல கெடுத்துடும்னு யாரோ சொன்னத கேட்டு ரெண்டு மாசமா நிறுத்தியிருக்கீங்க, அதுக்கு பதிலா பூண்டு. எனக்கு கோவம் வரத்தான் செய்யுது. ஸ்டென்ட் ஒரு இடத்துல இருந்த அடைப்ப விரிச்சு வெச்சிருக்கு, அவ்ளோதான், நோய் எல்லா குழாய்லயும் இருக்கு. "அண்ணன் மாதிரி நானும் தூக்கத்துலயே போயிடுவேனோ"ன்னு எழுதியிருக்கீங்களே, அந்த பயத்துக்கு நேரா மருந்து இந்த மாத்திரைதான். உங்களுக்கு எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 70க்கு கீழ இருக்கணும், இப்போ நிறைய டாக்டருங்க 55க்கு கீழன்னே சொல்றாங்க. சாப்பாட்ட மட்டும் ஒழுங்கா மாத்தினா 10, 15 சதவீதம் குறையலாம், அதிக டோஸ் ஸ்டாட்டின், அதான் இந்த கொலஸ்ட்ரால் மாத்திரை, பாதியா குறைக்கும். கல்லீரல் பெருசா பாதிக்கறது ரொம்ப அரிது, சந்தேகம்னா ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிடும். தசை வலிச்சா சொல்லுங்க, டோஸ குறைக்கலாம், வேற மருந்துக்கு மாத்தலாம், நீங்களா நிறுத்தக் கூடாது. ரத்தம் உறையாம இருக்க குடுத்த மாத்திரையவும் இதே மாதிரி விட்டிருந்தீங்கன்னா மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அத பாதில விட்டா ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் கட்டிக்கலாம்.

பூண்டு அடைப்ப கரைக்காது, எந்த சாப்பாடும் கரைக்காது. சமையல்ல போடுங்க, கேப்ஸ்யூலா விழுங்காதீங்க, ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையோட சேர்ந்தா ரத்தக்கசிவு கூடலாம்.

முட்டை? வாரத்துக்கு மூணு நாலு சாப்பிடுங்க, அதுக்காக தூக்கத்த கெடுத்துக்காதீங்க. ரத்தத்துல இருக்கற கொலஸ்ட்ரால்ல பெரும்பங்கு கல்லீரலே தயாரிக்கறது, அத ஏத்தி விடறது நெய், வெண்ணெய், பாமாயில், கொழுப்புள்ள இறைச்சி, பேக்கரி ஐட்டங்க. எண்ணெய்ல பிராண்ட் மாத்தி ஒண்ணும் ஆகாது, அளவ குறைங்க, பொரிச்ச எண்ணெய மறுபடி மறுபடி காய்ச்சாதீங்க.

உப்பு எல்லாம் சேர்த்து நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன், பாக்கெட் நொறுக்குல இருக்கறதும் அதுல அடக்கம். சோடியம் கம்மின்னு ஒரு உப்பு வாங்கியிருக்கேன்னு எழுதியிருக்கீங்க, அதுல சோடியத்துக்கு பதிலா பொட்டாசியம் இருக்கும், உங்க பிபி மாத்திரையே பொட்டாசியத்த ஏத்தற வகை, சுகர்ல கிட்னியும் கொஞ்சம் அடிபட்டிருந்தா அது ஆபத்தான அளவுக்கு போகலாம். ரத்தத்துல கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டறது), பொட்டாசியம் ரெண்டும் பார்த்துட்டு டாக்டர் சொன்னா மட்டும் பாக்கெட்ட பிரிங்க.

விரல வெச்சு காட்டற மாதிரி ஒரே இடத்துல ஒரு செகண்ட் சுருக்குன்னு குத்துது, அழுத்தினா வலிக்குதுன்னு எழுதியிருக்கீங்களே, அது பெரும்பாலும் தசை வலிதான், மறந்துடுங்க. கூகுள்ல தேடாதீங்க.

"நாளைக்கு ரெண்டே ரெண்டு சிகரெட்தான்"னு சொல்றதுதான் மறக்க முடியாதது. நாளைக்கு 20 சிகரெட் பிடிக்கறவருக்கு கூடற இதய ஆபத்துல கிட்டத்தட்ட பாதி, ஒண்ணே ஒண்ணு பிடிக்கறவருக்கும் வந்துடுது. குறைச்சுட்டேன்ங்கறது இதயத்துக்கிட்ட செல்லாது, நிறுத்தணும். முழுசா விட்ட ஒரு வருஷத்துல அந்த கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியா இறங்கும்.

போகும்போது மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க, நிறுத்தினதையும் சேர்த்து. டாக்டர்கிட்ட "கேஸ்"னு ஆரம்பிக்காதீங்க, "படி ஏறினா நெஞ்சு இறுக்குது, நின்னா விடுது, இப்போ சீக்கிரமே வருது"ன்னு அப்படியே சொல்லுங்க.